தலைநகரைத் தலைச்சோலைக்கு மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்: தலைச்சோலை ஊராட்சி வாக்காளர்களில் ஒருவன், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், உள்துறை அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: நாட்டின் தலைநகரை எங்கள் ஊருக்கு மாற்றுதல் – இழப்பதற்கு எங்களிடம் எதுவும் மிச்சமில்லாமை – தொடர்பாக.

பார்வை: 1. அரசமைப்புச் சட்டம், பிரிவு 239 ஏஏ. 2. அதே சட்டம், பிரிவு 243 இ. (முதலாவதைச் சுற்றிச் சுற்றிச் சட்டம் போடுகிறீர்கள். இரண்டாவதை யாரும் புரட்டியே பார்ப்பதில்லை.)

ஆகஸ்ட், 2025

ஐயா,

ஏற்காடு என்றதும் ஏரி, படகு, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி என்று அடுக்குகிறவர்கள் தலைச்சோலையைச் சொல்வதில்லை. ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் நாங்கள் ஒன்று. காபி, மிளகு, சில்வர் ஓக், பனி, கொஞ்சம் வாக்காளர்கள். ஊர் இவ்வளவுதான்.

எங்கள் ஊரைத் தலைநகராக்குங்கள் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சிரிக்க வேண்டாம். 1911 டிசம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தர்பாரில் நின்றபடி கல்கத்தாவிலிருந்து தலைநகரைத் தூக்கி டெல்லியில் வைத்தார். கல்கத்தாக்காரனையும் கேட்கவில்லை, டெல்லிக்காரனையும் கேட்கவில்லை. அந்த வழக்கத்தை நீங்கள் இன்றுவரை பத்திரமாகக் காப்பாற்றி வருவதால், அதே முறையில் எங்களையும் கேட்காமலே செய்துவிடலாம். இந்த மனுகூட ஒரு மரியாதைக்குத்தான்.

தலைநகரில் வாழ்பவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று டெல்லியின் கதையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் வரிசையில் நின்று ஓட்டுப் போட வேண்டும். அந்த ஓட்டை ஒழுங்காக எண்ண வேண்டும். வென்றவருக்கு மாலை போட்டுப் பதவிப் பிரமாணம் செய்துவைக்க வேண்டும். அதற்குப் பிறகு எதுவும் அவர் கையில் இருக்கக் கூடாது. எங்கள் மலையில் இதற்கெல்லாம் நீண்ட பயிற்சி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் டெல்லி.

1952-ல் அவர்களுக்கு ஒரு சட்டமன்றம் கொடுத்தார்கள். 48 உறுப்பினர்கள், முதலமைச்சராக சௌத்ரி பிரம் பிரகாஷ். 1956-ல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த 37 ஆண்டு நாட்டின் தலைநகரில் சட்டமன்றமே இல்லை. நடுவில் 1966-ல் மாநகர மன்றம் என்று ஒன்று வந்தது. அதில் பேசலாம், யோசனை சொல்லலாம். சட்டம் மட்டும் போட முடியாது. 1991-ல் 69-வது திருத்தம் வந்தது. 1993-ல் தேர்தல் நடந்து 70 உறுப்பினர்களோடு சட்டமன்றம் திரும்பியது. பொது ஒழுங்கு, காவல்துறை, நிலம் ஆகிய மூன்றும் மட்டும் அதற்குக் கிடையாது. திருடன் வந்தால் பிடிக்கப் போலீஸ் இல்லை. பள்ளிக்கூடம் கட்ட நினைத்தால் நிலத்துக்கு உங்கள் வாசலில் நிற்க வேண்டும். மற்றபடி அவர் முதலமைச்சர்தான்; காரில் கொடிகூடப் பறக்கும்.

அந்த மற்றபடியாவது நமக்கு உண்டா என்று கேட்டு டெல்லி அரசு உச்ச நீதிமன்றம் போனது. உண்டு, அமைச்சரவையின் ஆலோசனைப்படி, நீங்கள் அனுப்பிவைக்கிற துணைநிலை ஆளுநர் நடக்க வேண்டும் என்று 2018 ஜூலை 4 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். 2021-ல் நீங்கள் சட்டத்தைத் திருத்தினீர்கள். டெல்லி சட்டமன்றம் இயற்றும் எந்தச் சட்டத்திலும் அரசு என்று வந்தால் அது துணைநிலை ஆளுநரைக் குறிக்கும். அரசைக் கவிழ்க்க எம்.எல்.ஏ.க்களைப் பஸ்ஸில் ஏற்றி ரிசார்ட்டில் அடைத்து ராப்பகலாகக் கண்விழிக்கிறார்கள் மற்ற ஊர்களில். நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

அதிகாரிகள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கு மிச்சம் இருந்தது. மேலே சொன்ன மூன்று துறைகள் நீங்கலாக, மற்ற அதிகாரிகள் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று 2023 மே 11 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். மே 19 இரவே அவசரச் சட்டம் வந்துவிட்டது. எட்டே நாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு நடக்கிற நடையை நினைத்துப் பார்த்தால், அரசு எந்திரம் இவ்வளவு வேகமாக ஓடும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

ஆகஸ்டில் அந்த அவசரச் சட்டம் முழுச் சட்டமாயிற்று. அதில் ஓர் ஆணையம் இருக்கிறது ஐயா, அதைப் படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. ஆணையத்தில் மூன்று பேர். முதலமைச்சர் தலைவர். தலைமைச் செயலாளரும் உள்துறை முதன்மைச் செயலாளரும் உறுப்பினர்கள். எந்த அதிகாரியை எங்கே மாற்றுவது, யார் மேல் நடவடிக்கை எடுப்பது என்பதையெல்லாம் இவர்கள் பெரும்பான்மையால் முடிவு செய்து பரிந்துரைப்பார்கள். ஒன்றரைக் கோடி வாக்காளர்கள் வெயிலிலும் குளிரிலும் நின்று 70 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த 70 பேரில் பெரும்பான்மையோர் சேர்ந்து ஒருவரை முதலமைச்சராக்குகிறார்கள். அவர் வந்து அந்த மேசையின் தலைமாட்டில் உட்காருகிறார். அவருக்கு ஓர் ஓட்டு. அவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டிய இருவருக்கு இரண்டு ஓட்டு. ஒன்றைவிட இரண்டு பெரிது; இதில் குற்றம் கண்டுபிடிக்க யாரால் முடியும்? ஒருவேளை அந்த இருவரில் ஒருவருக்கு மனம் இளகி முதலமைச்சர் பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்திருக்கிறீர்கள். துணைநிலை ஆளுநருக்கு உடன்பாடு இல்லையென்றால் அவர் சொல்வதே முடிவு. இதை எழுதிக் கொடுத்த அதிகாரி யாரென்று தெரிந்தால் எங்கள் ஊர்க் காபிக் கொட்டை ஒரு கிலோ பார்சலில் அனுப்பிவைப்போம். முதலமைச்சரையே தோற்கடிக்கிற ஒரு தேர்தலை, அவரையே தலைவராக உட்காரவைத்து, அவர் ஆபீசிலேயே நடத்த வழி கண்டுபிடித்தவர் அல்லவா!

மாநகராட்சியாவது தப்பியதா? பத்து நியமன உறுப்பினர்களை அமைச்சரவையைக் கேட்காமல் துணைநிலை ஆளுநரே நியமிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

உங்களை மட்டும் திட்டினால் நடுநிலை தவறியவன் ஆவேன். டெல்லிக்கு முழு மாநில அந்தஸ்து தரும் மசோதாவை 2003-ல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் யார்? அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி. பாரதிய ஜனதாவுக்கு அன்று டெல்லியின் மேல் அவ்வளவு பாசம். 2004-ல் ஆட்சி போனது, மசோதாவும் போனது. அதன்பின் சுமார் ஒன்பது ஆண்டு மத்தியில் மன்மோகன் சிங், டெல்லியில் ஷீலா தீட்சித். இரண்டு பக்கமும் காங்கிரஸ். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே உடம்பில் இருந்தும் எதுவும் கைமாறவில்லை. 2025 பிப்ரவரியில் டெல்லியில் ரேகா குப்தா தலைமையில் பா.ஜ.க. அரசு அமைந்தது. சண்டை ஓய்ந்துவிட்டது. மூன்று பேர் ஆணையச் சட்டம் அப்படியே இருக்கிறது. பூட்டைத் திறக்கவில்லை, உள்ளே இருந்து கதவைத் தட்டுகிறவர்கள்தான் இப்போது இல்லை.

இதில் எனக்கு அதிகம் வயிறு எரிவது அதற்கு முன் டெல்லியை ஆண்ட ஆம் ஆத்மிக்காரர்களைப் பார்த்து. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் அதிகாரத்தைப் பறிக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் அழுதார்கள். ஸ்டாலினைப் பார்க்கச் சென்னைக்கும் வந்தார்கள். நியாயமான அழுகைதான். ஆனால் 2019 ஆகஸ்ட் 5 அன்று ஜம்மு காஷ்மீர் என்ற ஒரு முழு மாநிலத்தைப் பிளந்து, ஒன்றுக்குச் சட்டமன்றத்தோடும் லடாக்குக்குச் சட்டமன்றமே இல்லாமலும், இரண்டு யூனியன் பிரதேசங்களாக இறக்கினீர்களே, அன்று உங்களை வரவேற்றுக் கைதட்டியவர் அவர்களுடைய தலைவர் கெஜ்ரிவால். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். டெல்லியில் உடைந்தது பொன்குடம், ஸ்ரீநகரில் உடைந்தது வெறும் மண்.

புதுச்சேரியைப் பற்றி எங்களுக்கு நன்றாகவே தெரியும். தமிழ் பேசும் பக்கத்து ஊர். அங்கே 30 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூன்று பேரை நீங்கள் அனுப்புவீர்கள். அந்த மூவருக்கும் நம்பிக்கை வாக்கெடுப்பு வரைக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியது. 2021 தேர்தலில் உங்கள் கட்சி வென்ற இடங்கள் ஆறு. நியமனத்தில் வந்தவர்கள் மூன்று. மொத்தம் ஒன்பது. மக்கள் தீர்ப்பில் ஐம்பது விழுக்காடு போனஸ் தருகிற ஊர் உலகில் வேறு எங்கே இருக்கிறது?

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். வாஷிங்டன்காரனுக்கு 1961 வரை அதிபர் தேர்தலிலேயே ஓட்டுக் கிடையாது. இன்றைக்கும் அங்கிருந்து போகிற பிரதிநிதிக்கு நாடாளுமன்ற அவையில் பேச உரிமை உண்டு, சட்டம் வாக்கெடுப்புக்கு வரும்போது கைதூக்க உரிமை இல்லை. வரி கட்டுகிறோம், பிரதிநிதி இல்லை என்ற புலம்பலைக் கார் நம்பர் பிளேட்டிலேயே எழுதிக்கொண்டு திரிகிறார்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று டிரம்ப் அந்த ஊர்ப் போலீசைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். உலகமே பதறியது. அவருடைய சட்டம் 30 நாளுக்குத்தான் அதற்கு இடம் தருகிறது, பாவம். டெல்லிப் போலீசை நிரந்தரமாகவே கையில் வைத்திருக்கிற நம்மிடம் வந்து அவர் பாடம் படிக்கலாம். இடையில் யாராவது பெர்லின் என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். அது ஜெர்மனியின் தலைநகரமாகவும் இருக்கிறது, முழு மாநிலமாகவும் இருக்கிறது, நாடும் கவிழ்ந்துவிடவில்லை.

இனி எங்கள் தகுதிகள்.

முதலாவது, எங்கள் எம்.பி. நாங்கள் கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறோம். தலைச்சோலைக்காரன் ஒருவன் தன் தொகுதிக்குப் பெயர் கொடுத்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். சேலத்துக்கு வேறு எம்.பி. அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வாழப்பாடி, ஆத்தூர் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பது மறந்துபோக இந்தத் தூரம் மிகவும் உதவியாக இருக்கிறது.

இரண்டாவது, எங்கள் எம்.எல்.ஏ. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். தொகுதியின் பெயரில் மலை இருக்கிறது. வாக்காளர்களில் பெரும்பங்கு அடிவாரத்தில் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கம் இருக்கிறார்கள். வேட்பாளர் பழங்குடி, வெற்றியைத் தீர்மானிப்பவர்கள் சமவெளிக்காரர்கள். 2013-ல் எம்.எல்.ஏ. பெருமாள் இறந்து, டிசம்பர் 4 அன்று இடைத்தேர்தல் வந்தது. அந்த ஒரு மாதம் நாங்கள் உண்மையிலேயே தலைநகரமாக இருந்தோம் ஐயா! கோட்டையில் இருக்க வேண்டிய அமைச்சர்கள் படை படையாக எங்கள் தொகுதியில் முகாம் போட்டிருந்தார்கள். முதலமைச்சர் ஜெயலலிதா வந்தார். அவர் பேச்சில் தந்த வாக்குறுதிகளுக்கு விளக்கம் கேட்டுத் தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 78,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஆளுங்கட்சி வென்றது. தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலில் வந்ததும் அந்தத் தேர்தலில்தான். 4,431 பேர் அதை அழுத்தினார்கள். அவர்களை மட்டும் யாரும் வந்து பார்க்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். டெல்லிக்காவது 239 ஏஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது? பழங்குடிகள் வாழும் பகுதிகளுக்காக அரசமைப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. பத்து மாநிலங்களில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகள் இருக்கின்றன. அங்கே 1996-ம் ஆண்டு பெசா சட்டம் செல்லும்: நிலத்தைக் கையகப்படுத்தும் முன் கிராம சபையையோ ஊராட்சியையோ கலந்து பேச வேண்டும், சிறு கனிமத்துக்கு அவர்களுடைய பரிந்துரை வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சதுர அடிகூடக் கிடையாது. எங்கள் சேர்வராயன் மலையில்லை, கல்வராயன் மலையில்லை, கொல்லிமலையில்லை, நீலகிரியும் இல்லை. எந்த ஆட்சி வந்தும் நடக்கவில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையை வெட்டி பாக்சைட் எடுத்தார்கள்; அதற்கு இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் கிராம சபையைக் கேட்க வேண்டும் என்று சட்டம் எப்போதும் சொன்னதில்லை. எங்கள் ஆளும் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளியும் ஒரே சாமியைக் கும்பிட்டாலும், பழங்குடிப் பட்டியலில் சேலம் இருக்கிறது, ஈரோடு இல்லை. மாவட்ட எல்லைக் கல்லைத் தாண்டினால் சாதியே மாறிவிடும். கோடு போட்டு மனிதனைத் தரம் பிரிக்கிற வேலையில் உங்களுக்கு நாங்கள் இளைத்தவர்கள் அல்ல.

போலீஸ், நிலம் இரண்டும் இல்லாத அரசு நடத்துவது எப்படி என்று டெல்லி முதலமைச்சருக்கு ஆலோசனை தேவைப்பட்டால் எங்கள் ஊராட்சித் தலைவர்களை அனுப்புகிறோம். காட்டுப் பக்கம் போனால் வனத்துறை, ரோட்டுப் பக்கம் வந்தால் எஸ்டேட் கேட். நடுவில் தெருவிளக்கு பல்பு மாற்றுகிற அதிகாரம் தலைவருக்கு உண்டு. அவரையும் ஊராட்சிச் சட்டத்தின் 205-வது பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியர் நீக்கலாம்.

அவர்களை அனுப்புகிறோம் என்றேன், ஆனால் அனுப்ப ஆள் இல்லை. 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று பிரிவு 243 இ சொல்கிறது. யாரும் நடத்தவில்லை. 28 மாவட்டங்களில் ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். எங்களுடைய துணைநிலை ஆளுநர் எங்கள் தனி அலுவலர்தான். டெல்லிக்காரருக்கு இருக்கிற ராஜ் நிவாஸ் மாளிகை இவருக்கு இல்லை, ஒன்றிய ஆபீசில் ஒரு மேசை. இது முதல்முறையும் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரைக்கும் இதே கதை. அன்று ஆண்டது அ.தி.மு.க. பழங்குடியினருக்கு உரிய ஒதுக்கீடு தரவில்லை என்று தி.மு.க. வழக்குப் போட, நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. எங்கள் உரிமையைக் காப்பதற்காக மூன்று வருடம் எங்களுக்கு ஓட்டே இல்லாமல் வைத்திருந்த பெருமை இரு கழகங்களுக்கும் சரிபாதி.

இங்கேதான் ஐயா எனக்கு மனுவின் மரியாதையைக் காப்பாற்ற முடியவில்லை. 1969-ல் ராஜமன்னார் குழு அமைத்த மாநிலம் இது. 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட சட்டமன்றம் இது. 2025 ஏப்ரல் 15 அன்று மாநில உரிமைகளை மீட்க நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு என்று முதலமைச்சர் அறிவித்தபோது மேசைகள் அதிர்ந்தன. டெல்லியில் ஆளுநரை வைத்து ஆட்சி செய்கிறார்கள் என்று பேசிய அதே வாய்கள். அந்த அறிவிப்பு வந்த நாளில் இதே மாநிலத்தின் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர்கூட இல்லை, ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. மேலே பார்த்துக் கேட்டால் சுயாட்சி. கீழே இருந்து நாங்கள் கேட்டால் நிர்வாகக் காரணம், வார்டு மறுவரையறை, நீதிமன்ற வழக்கு. வெட்கம் என்று ஒன்று எந்த அட்டவணையிலாவது இருக்கிறதா? உங்கள் காலடியில் டெல்லி, அவர்கள் காலடியில் நாங்கள். எல்லோரும் தத்தம் கழுத்தில் இருக்கிற காலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தத்தம் கால் யார் கழுத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை.

மன்னிக்கவும், மனுவுக்குத் திரும்புகிறேன்.

தலைநகர் மாற்றத்தால் உங்களுக்குப் பல வசதிகள் உண்டு. டெல்லியில் காற்று கெட்டு ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று கார்களை நிறுத்தினார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. 2023 செப்டம்பரில் ஜி20 விருந்தாளிகள் கண்ணில் படாமலிருக்கக் குடிசைகளைப் பச்சைத் துணி கட்டி மறைக்க வேண்டியிருந்தது. எங்கள் குடிசைகளைப் பனியே மறைத்துவிடும், துணிச் செலவு மிச்சம். மெட்ராஸ் மாகாணத்துக்குக் கோடைக்காலத் தலைநகராக ஊட்டி இருந்திருக்கிறது. வெள்ளைக்காரன் எங்களை ஏமாற்றிவிட்டான், நீங்களாவது நியாயம் செய்யலாம். முக்கியமாக, தலைநகர்வாசிகளின் உரிமையைப் பறிக்கிற வேலை உங்களுக்கு இருக்காது. வருகிறபோதே பறித்த நிலையில் கிடைப்போம். அவசரச் சட்டம் வேண்டாம், திருத்தம் வேண்டாம், ஐந்து நீதிபதிகளின் நேரமும் வீணாகாது.

பதிலுக்கு ஒரு சின்னச் சலுகை. மாற்றம் நடக்கிற அன்று, நீங்கள் காலிசெய்துவிட்டு வருகிற டெல்லியை அங்கே வாழும் மக்களிடமே விட்டுவிட்டு வாருங்கள். போலீஸ், நிலம், அதிகாரிகள், எல்லாம் சேர்த்து. அந்த ஒன்றரைக் கோடி வாக்காளர்கள் பிழைத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாக்காளன்.

இணைப்பு: வாக்காளர் அடையாள அட்டை நகல் ஒன்று.

நகல்: தனி அலுவலர், தலைச்சோலை ஊராட்சி. இந்தக் கோரிக்கைக்கு ஊராட்சி மன்றத் தீர்மானம் தேவைப்படுகிறது. மன்றத்தில் யாரும் இல்லாததால் தாங்களே முன்மொழிந்து, தாங்களே வழிமொழிந்து, ஒருமனதாக நிறைவேற்றி, மேல் நடவடிக்கைக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.